ஸ்லாட்டை மாற்றாதவர்களுக்கு

பிசிஐ எக்ஸ்பிரஸ் விதிகளை எழுதியவர்களுக்கும், இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கும்,



ஒரு கமிட்டிக்கு நன்றி சொல்லி யாரும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. டாக்டருக்கு எழுதுவார்கள். பத்தாம் வகுப்பு வாத்தியாருக்கு எழுதுவார்கள். தவறவிட்ட பையைத் திருப்பிக் கொடுத்த ஆட்டோக்காரருக்குப் பேப்பரில் நன்றி சொல்வார்கள். பல கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்து, இந்தக் காலுக்கு இவ்வளவு மின்னழுத்தம், அந்தக் கம்பிக்கு இந்த வேலை என்று பக்கம் பக்கமாகச் சட்டம் எழுதும் சங்கம் யாருக்கு ஞாபகம் வரும்? பிசிஐ-சிக் என்று உங்கள் சங்கத்தின் பெயரை எங்கள் கடைத்தெருவில் சொன்னால் ஏதோ சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கூடவே போட்டோகிராபர்களுக்குக் கரிஷ்மா ஆல்பம் டிசைன். கடையில் ஓடும் சிஸ்டம் எதுவும் புதிதில்லை. பாதி 2012 வாக்கில் வந்த அலுவலக மெஷின்கள். ஏதோ ஒரு கம்பெனி மொத்தமாகக் கழித்துவிட, சென்னை ரிச்சி தெரு வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தவை. மீதி அதற்கும் மூத்தவை, ஜி41 போர்டு போட்டு உள்ளூரில் அசெம்பிள் பண்ணியவை. எல்லாம் இன்றைக்கும் சோறு போடுகின்றன, அதுவும் ஆளை எரிச்சல்படுத்தாமல். நீங்கள் இருபது வருஷத்துக்கு முன் கொடுத்து இன்றுவரை மீறாத ஒரு வாக்குதான் அதற்குக் காரணம்.

பழைய மெஷின் ஸ்லோ என்றால் எல்லோரும் பிராசஸரைத் திட்டுவார்கள். நாலு கோர் கொண்ட மூன்றாம் தலைமுறை ஐ5 பாவம், பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். காத்திருப்பு முழுக்க ஹார்டு டிஸ்க்குக்காக. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டில் ஒரு துண்டுத் தகவலை எடுக்க வேண்டுமென்றால், ஹெட் அந்த இடத்துக்கு நகர எட்டொன்பது மில்லிநொடி ஆகும். அந்த இடம் சுழன்று ஹெட்டுக்குக் கீழே வரச் சராசரியாக இன்னொரு நாலு மில்லிநொடி. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் தகவலை இப்படி நொடிக்கு எண்பது தடவை எடுத்தாலே பெரிய காரியம். இதைத் தூக்கிக்கொண்டு ஒரு தமிழ் டி.டி.பி. கடையின் ஃபான்ட் ஃபோல்டருக்குள் நுழையுங்கள். யூனிகோடுக்கு முந்தைய காலத்து எழுத்துருக்கள், கம்பெனிக்கு ஒரு வரிசை என்று நூற்றுக்கணக்கில் கிடக்கும். ஒன்றைக்கூட நீக்க முடியாது. மூத்த மகள் கல்யாணத்துக்கு 2003-இல் அடித்த பத்திரிகை அப்படியே வேண்டும் என்று யாராவது வந்து நிற்பார்கள். கோரல்டிரா திறக்கும்போது அத்தனையையும் ஒரு முறை எட்டிப் பார்க்கும். அதற்குள் போய் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வரலாம், பாக்கியையும் பேசித் தீர்த்துவிட்டு வரலாம்.

ஃபிளாஷ் நினைவகத்தில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1987-இல் உலகத்துக்குக் காட்டிய நாண்ட் ஃபிளாஷ்தான் இன்று எல்லா எஸ்எஸ்டிக்குள்ளும் இருக்கிறது. அவருக்கு எழுத வேண்டிய கடிதம் தனி.

இது உங்களுக்கு நன்றி சொல்லும் கடிதம்தான். இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பில் போடவும் லெட்டர் அடிக்கவும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு மதர்போர்டில் உள்ள உங்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தேவையே இல்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியை மாட்டினால் போதும், மெஷின் பிழைத்துக்கொள்ளும். வருகிறவர் எல்லோர் தலையிலும் உங்கள் ஸ்லாட்டின் மொழி பேசும் என்விஎம்இ எஸ்எஸ்டியைக் கட்டிவிடும் கடைக்காரர்களோடு எனக்குச் சண்டை உண்டு. சாட்டா போதாமல் போகும் இடம் வேறு.

ஆல்பத்தில் ஒரு ஷீட் என்பது 12-க்கு 36 அங்குலம். 300 டிபிஐ என்றால் 10,800-க்கு 3,600 புள்ளிகள், ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம். ஒரே ஒரு லேயர் சுருக்காமல் கிட்டத்தட்ட 117 எம்பி. மாப்பிள்ளைக்கு ஒரு லேயர், பெண்ணுக்கு ஒன்று, பின்னால் கோபுரம், மேலே பூத்தூவல், அப்புறம் பெண்ணின் அத்தை கேட்டாரென்று இன்னொரு போட்டோ என்று இருபது லேயர் ஏறினால் இரண்டு ஜிபியைத் தாண்டிவிடும். செய்ததை அன்டூ பண்ண போட்டோஷாப் ஞாபகம் வைத்துக்கொள்வது அதற்கு மேல். ஜி41 போர்டு 8 ஜிபிக்கு மேல் ராம் ஏற்காது. ராம் நிறைந்ததும் போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய்க் கொட்டும்; ஸ்கிராட்ச் டிஸ்க் என்பார்கள். அந்த போர்டில் சாட்டாவின் உச்சவரம்பு நொடிக்கு 300 எம்பி. எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியைக் கொண்டுவந்து மாட்டினாலும் அந்த வாசலில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

அதே போர்டில் ஒரு நீளமான ஸ்லாட் தூசி மூடிக் கிடந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கென்று விட்ட இடம். எங்கள் தொழிலில் அதை யார் போட்டார்கள்? மானிட்டர் போர்டிலேயே உள்ள போர்ட்டில் ஓடுகிறது. அந்த ஸ்லாட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு அடாப்டர் கார்டைச் செருகி, அதன்மேல் ஒரு எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டியைத் திருப்புளியால் முடுக்கினோம். அந்த அடாப்டரைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள். அதில் மூளை என்று சொல்ல எந்தச் சில்லும் இல்லை. செம்புக் கோடுகள், சில கெப்பாசிட்டர், ஒரு எல்இடி, அவ்வளவுதான். லேப்டாப்புக்கென்று பிறந்த எம்.2 எஸ்எஸ்டி பேசுவதும் உங்கள் மொழி, டெஸ்க்டாப் ஸ்லாட் பேசுவதும் உங்கள் மொழி. நடுவில் யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

நான் முக்கியமாக நன்றி சொல்ல வந்தது இதற்கு அடுத்து நடப்பதற்கு.

மெஷினை ஆன் பண்ணியதும் ஸ்லாட்டும் கார்டும் முதலில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் முதலில் ஊரையும் போகிற இடத்தையும் கேட்டுக்கொள்வதைப் போல. எதிரே யாராவது இருக்கிறார்களா? தகவல் போகும் பாதை, அதாவது லேன், எத்தனை உண்டு? எந்த வேகம்வரை வரும்? இருவருக்கும் பொதுவாக ஒத்துவருகிற உச்சத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். பதினாறு லேன் ஸ்லாட்டில் நாலு லேன் கார்டு உட்கார்ந்தால் நாலில் பேசுகிறார்கள். மீதிப் பன்னிரண்டும் சும்மா இருக்கும், யாருக்கும் கோபமில்லை. நாலு லேன் கார்டுக்கு ஒரே ஒரு லேன்தான் கிடைத்தாலும் அது வேலை செய்தாக வேண்டும் என்று நீங்களே விதி எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அந்த விசாரிப்பு எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்ட அன்றுதான் எனக்கு உங்கள்மேல் மரியாதையே வந்தது. லேனுக்கு நொடிக்கு 250 கோடி துடிப்பு. உங்கள் முதல் பதிப்பின் வேகம் அது. 2004-இல் கடைக்கு வந்த போர்டுகள் ஓடிய வேகம். மூன்றாம் பதிப்புக் கார்டு, நாலாம் பதிப்புக் கார்டு, அதற்குப் பின் வந்தது எதுவானாலும், முதல் வார்த்தையை அந்தப் பழைய வேகத்தில்தான் பேச வேண்டும். எதிராளிக்கும் முடியும் என்று தெரிந்தபிறகுதான் மேலே ஏறலாம். அதனால்தான் எங்கள் ஜி41 போர்டு, தான் செய்யப்பட்டபோது பிறந்தே இராத ஒரு எஸ்எஸ்டியோடு திக்கல் திணறல் இல்லாமல் பேசுகிறது. முதல் பதிப்பின் கணக்கில் லேனுக்கு 250 எம்பி, நாலு லேனுக்கு 1,000 எம்பி. கையில் கிடைப்பது அதைவிடக் குறைவுதான். சாட்டா வாசலின் 300-ஐ நினைத்தால் குறை சொல்ல வாய் வராது. 2012 மெஷின்களில் சிப்செட்டிலிருந்து வரும் ஸ்லாட் இரண்டாம் பதிப்பு, லேனுக்கு 500; பிராசஸரிலிருந்து நேராக வரும் ஸ்லாட் மூன்றாம் பதிப்பு, லேனுக்கு 985 அளவில். அங்கே எஸ்எஸ்டி கால் நீட்டிப் படுக்கலாம்.

இதெல்லாம் இயல்பாக நடக்க வேண்டியதுதானே என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். முந்தைய கதை அவர்களுக்குத் தெரியாது. ஐஎஸ்ஏ ஸ்லாட் போனது, அதோடு அந்தக் கார்டுகளும் குப்பைக்குப் போயின. 1990-களின் கடைசியில் ஏஜிபி வந்தது. சில வருஷத்துக்குள் அதற்குள்ளேயே மின்னழுத்தம் மாறி, எந்தக் கார்டு எந்தப் போர்டுக்கு ஆகும் என்று காடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை ஆயிற்று. ராம் இன்றைக்கும் அப்படித்தான்: டிடிஆர்3 போட்ட இடத்தில் டிடிஆர்4 நுழையாது. பிராசஸர் சாக்கெட்டைக் கேட்கவே வேண்டாம், சில தலைமுறை தாண்டினால் கால் எண்ணிக்கையே வேறு. இத்தனைக்கும் நடுவில் ஏழு பதிப்பு கடந்தும் கார்டு செருகும் அந்த ஸ்லாட்டை மட்டும் நீங்கள் மாற்றவில்லை. புதிய ஸ்லாட் என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் எத்தனை போர்டு, எத்தனை கார்டு புதிதாக விற்றிருக்கும்! உங்கள் கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை விற்கும் கம்பெனிகளின் சம்பளக்காரர்கள்தான். அவர்கள் கையெழுத்தோடுதான் இது நடந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகவே இருக்கிறது.

இன்னொரு காரியமும் செய்தீர்கள், அது வெளியே தெரியாது. கம்பி, வேகம், தகவல் போகும் முறை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவிட்டு, மென்பொருளுக்கு மட்டும் பழைய பிசிஐ போலவே முகம் காட்டினீர்கள். 1992-இல் வந்த பிசிஐயின் அடையாளப் பதிவேட்டை அப்படியே முன்னால் வைத்து, புதியதை அதன் பின்னால் நீட்டினீர்கள். பழைய ஆபரேட்டிங் சிஸ்டங்கள் புது ஸ்லாட்டைப் பார்த்து மிரளாமல் பூட் ஆனதற்கு அதுதான் காரணம்.

உங்களில் ஒருவர் பெயராவது எனக்குத் தெரியும்: வடோதராவில் பிறந்து இன்டெலில் வேலை பார்த்த அஜய் பட். யூஎஸ்பியை உருவாக்கியவர்களில் ஒருவர் என்று ஊரறிந்தவர். பிசிஐ எக்ஸ்பிரஸிலும் அவர் கை உண்டு. 2009-இல் இன்டெல் அவரை ராக் ஸ்டார் போலக் காட்டி டிவி விளம்பரம் எடுத்தது. அதில்கூட அவர் வேஷத்தில் ஒரு நடிகர்தான் வந்தார். இன்ஜினியர்களுக்குக் கிடைக்கும் புகழ் அவ்வளவுதான் போலிருக்கிறது.

உங்களோடு சேர்த்து இன்னும் சிலருக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. ஸ்லாட் கார்டை ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாதே, அதில் இருப்பது டிஸ்க் என்று மெஷினுக்குப் புரிய வேண்டும். ஹார்டு டிஸ்க் காலத்துக்கென்று எழுதிய ஏஎச்சிஐ முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. ஃபிளாஷின் வேகத்துக்கு அது பத்தாது என்று 2011-இல் என்விஎம்இ முறையை எழுதினார்கள். அதில் வரிசைகளே 65,000-க்கும் மேல் வைத்துக்கொள்ளலாம். மேத்யூ வில்காக்ஸ் எழுதிய டிரைவர் 2012-லேயே லினக்ஸ் 3.3-இல் சேர்ந்துவிட்டது. விண்டோஸுக்கு 8.1-இலிருந்து அது கூடவே வருகிறது. ஆகவே ஸ்கிராட்ச் டிஸ்க்காகவோ ஃபைல் வைக்கவோ எஸ்எஸ்டியைச் செருகினால் எந்தத் தொல்லையும் இல்லை. மெஷினை அதிலிருந்தே பூட் பண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டால்தான் தொல்லை ஆரம்பம். விண்டோஸோ லினக்ஸோ கண் விழிக்கும் முன்னால் பயாஸ் அந்த எஸ்எஸ்டியை அடையாளம் காண வேண்டும். 2012 பயாஸுக்கு என்விஎம்இ என்றால் யாரென்றே தெரியாது.

இங்கேதான் முகம் தெரியாத ஆர்வலர்கள் வந்தார்கள். யூஇஎஃப்ஐ பயாஸுக்கான திறந்த மூலநிரல் தொகுப்பில் என்விஎம்இ டிரைவர் ஒன்று இருக்கிறது. குளோவர் என்ற பூட்லோடரை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதன் டிரைவர் ஃபோல்டரில் அந்த ஃபைலைப் போட்டுவிட்டால், மெஷின் முதலில் பென் டிரைவில் விழிக்கும், அங்கே எஸ்எஸ்டியைக் கண்டுகொள்ளும், பிறகு வேலையை அதன் கையில் கொடுத்துவிடும். குளோவர், சாதாரண பிசியில் ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை ஓட்ட விரும்பியவர்கள் எழுதியது. அவர்கள் எங்கேயோ யாருக்கோ செய்த வேலை இங்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கிறது. ஜி41 போன்ற பழைய பயாஸ் போர்டுகளில் அதற்கும் எளிய வழி உண்டு: லினக்ஸின் பூட் பகுதியைப் பழைய ஹார்டு டிஸ்க்கில் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் எஸ்எஸ்டியில் குடிவைக்கலாம். ஹார்டு டிஸ்க் முதல் சில நொடி மட்டும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும்.

கொஞ்சம் கோபத்துக்கும் இடம் கொடுங்கள். பயாஸில் சேர்க்க வேண்டிய அந்த டிரைவர் சில பத்து கேபிதான். சில போர்டுகளில் ஆர்வலர்கள் தாங்களே அதைப் பயாஸுக்குள் செருகி ஓட்டியும் காட்டினார்கள். (அந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, எழுதும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும். பென் டிரைவ் வழிக்கு அந்த ஆபத்து இல்லை.) எங்கள் மெஷின்களைச் செய்த கம்பெனி ஒரு அப்டேட்டில் அதைச் சேர்த்திருந்தால் இந்தச் சுற்றுவழியே வேண்டியிருக்காது. பெயர் சொல்லவில்லை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள். நீங்கள் இருபது வருஷம் திறந்து வைத்த கதவை, அவர்கள் சில பத்து கேபிக்காக ஒருக்களித்து வைத்தார்கள்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இன்டெல் என்றால் ஒரு சில விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழே இடமில்லை. ஆகக் காகிதத்தில் எங்கள் கடை முழுக்கச் செத்த மெஷின்கள். ஆல்பம் மெஷின்களை இன்டர்நெட் இல்லாமல் தனியே ஓட்டுகிறோம். யூனிகோடு வேலை லினக்ஸுக்கும் இங்க்ஸ்கேப்புக்கும் போய்விட்டது.

இந்த மடலை ஓரமாக நின்று படிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய டெஸ்க்டாப்பைக் காயலான் கடைக்குப் போடும் முன் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். நீள ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் மெஷினுக்கு ஆயுசு இருக்கிறது. எம்.2 எஸ்எஸ்டி வாங்கும்போது காடியைக் கவனியுங்கள்: இரண்டு காடி இருப்பவை பெரும்பாலும் சாட்டா வகை, அவை இந்த அடாப்டரில் உயிர் பெறாது. ஒரே காடி உள்ள என்விஎம்இ என்று கேட்டு வாங்குங்கள். கேபினட் ஒல்லி என்றால் குட்டைத் தகடு உள்ள அடாப்டர் வேண்டும். சில மூத்த போர்டுகள் கிராபிக்ஸ் ஸ்லாட்டில் வேறு கார்டை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கமிட்டி ஐயா, அம்மா, கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். 2025-இல் ஏழாம் பதிப்பை வெளியிட்டுவிட்டீர்கள். லேனின் வேகம் முதல் பதிப்பைப் போல ஐம்பது மடங்கைத் தாண்டிவிட்டது. அடுத்த பதிப்புக்கு உட்காரும்போது, இந்தப் பழைய 250 கோடித் துடிப்பை இனி எதற்குச் சுமக்க வேண்டும், விட்டுவிடலாமே என்று யாராவது கை தூக்கக்கூடும். அப்படித் தூக்கினால், கும்பகோணத்திலிருந்து ஒரு ஆட்சேபணை வந்திருக்கிறது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.


ஒரு டி.டி.பி. கடைக்காரன்
கும்பகோணம்